என்ன சட்னி என்று கேட்டால் வெட்டிப் பேச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர், பழைய பள்ளித் தோழர்கள் போனில் குழு வைத்துக்கொண்டு பொழுது விடிந்தால் "சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு, அங்கே மழையா" என்று அரட்டை அடிப்பதைப் பற்றிச் சலித்துக்கொண்டு எழுதியிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை மண்டபம் பிடித்துக் கூடி, வாத்தியார்களுக்குப் பொன்னாடை போர்த்தி, படித்த பள்ளிக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் போதாதா, தினமும் பேச அப்படி என்னதான் இருக்கிறது என்பது அவர் கேள்வி. என் வகுப்புத் தோழி ஒருத்தி வியாசர்பாடியில் இருக்கிறாள். அவள்தான் அந்தக் கடிதத்தைக் கத்தரித்து, படம் எடுத்து எங்கள் குழுவில் போட்டாள். "உன்னைத்தான்டி சொல்றார்" என்று கீழே ஒரு வரி. அதனால் இந்தக் கடிதம்.

எனக்கு 72 வயது. ரங்கூனில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பலகை, கல்லா எல்லாம் கிடையாது. வீட்டு வாசலில் ஒரு மேசை, மூன்று முக்காலி, இட்லிக் குண்டான், உதவிக்கு மகள். எங்கள் வகுப்பு மண்டபம் பிடித்துக் கூடுகிற வகுப்பு இல்லை. பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தரலாம் என்றால் பள்ளியே இல்லை.

1964 பிப்ரவரியில் நாலாம் வகுப்புப் படம் எடுத்தோம். மார்ச் 19ஆம் தேதி கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவுக்குக் கப்பலேற, ஜூனில் ஐந்தாம் வகுப்பு தொடங்கியபோது பெஞ்சுகளில் இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவார். "உள்ளேன் ஐயா" என்று பதில் வராவிட்டால் நிமிர்ந்து பார்த்து, "கப்பலா?" என்பார். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை, "ஆமாங்க ஐயா, கப்பல்" என்று சொல்லும். அந்தப் பெயருக்கு நேரே வராதவர்களுக்குப் போடுகிற குறியைப் போடாமல் சின்னதாக ஒரு 'க' போட்டுக்கொள்வார். மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவரும் கப்பலேறிவிட்டார். அவர் பெயருக்கு யார் 'க' போட்டார்கள் என்று தெரியாது. 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுக்கத் தொடங்கியது. எங்கள் பள்ளியும் போயிற்று, தமிழும் போயிற்று. மீதித் தமிழை நான் கோயில் திண்ணையில் படித்ததுதான்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் யார் எங்கே என்று ஒரு தகவலும் இல்லை. 2010இல்கூட எங்கள் நாட்டில் ஒரு சிம் கார்டின் விலை பத்து லட்சம் கியாட்டைத் தாண்டும். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்ததும் அது 1,500 கியாட்டுக்கு இறங்கியது. அடுத்த வருடம் என் பேரன் பேஸ்புக்கில் துழாவி, மணிப்பூர் எல்லையில் மோரேயில் இருக்கிற ஒருவனைப் பிடித்துக் கொடுத்தான். அறுபதுகளில் சென்னையில் இறங்கிய பிறகும் மனம் ஒட்டாமல் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் அவன் குடும்பமும் ஒன்று. அவனிடம்தான் அந்த நாலாம் வகுப்புப் படம் இருந்தது. அதை வைத்து ஒவ்வொருவராகத் தேடினோம். இன்று பதினொரு பேர்: ரங்கூனில் மூன்று, மோல்மீனில் ஒன்று, மாண்டலேயில் ஒன்று, வியாசர்பாடியில் இரண்டு, திருச்சி, மதுரை, மோரே ஒவ்வொன்று, மகனோடு சிங்கப்பூரில் இருக்கிறவன் ஒருவன்.

காலையில் யார் முதலில் எழுந்தாலும் "உள்ளேன் ஐயா" என்று போட வேண்டும். இதுதான் எங்கள் வழக்கம். பெரும்பாலும் நான்தான் முதல். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே நாலு மணி. தலைமாட்டில் போன் டிங் என்கிறது என்று வியாசர்பாடிக்காரியின் மருமகளுக்கு என் மேல் கோபம் உண்டு.

எங்கள் குழுவில் நீங்கள் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஊரை விட்டுப் போனவர்கள் பர்மிய வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறார்கள்: "தமின் சா பீபீலா?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதினோரு வயதில் கப்பலேறியவளுக்கு எழுத்து மறந்துவிட்டது, பேச்சு மறக்கவில்லை. ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் கதை நேர்மாறு. மாண்டலேக்காரனுக்குத் தமிழ்ப் பேச்சு நன்றாக வரும், தமிழ் எழுத்து சுத்தமாகப் போய்விட்டது. அதனால் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதுகிறான். பர்மிய எழுத்தில் ழகரத்துக்கு இடமில்லை, ளகரமும் லகரமும் அவனுக்கு ஒன்றுதான். அவன் வீட்டில் "வாலப்பலம்" பழுக்கும், "மலே" பெய்யும். திருச்சிக்காரனுக்கு அது வட்டம் வட்டமாகத்தான் தெரியும். இரண்டு எழுத்தும் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், அவன் எழுதியதை வாய்விட்டுப் படித்து, ழகரத்தைத் திருத்தி, தமிழில் அடித்துப் போடுவேன். நான்தான் இந்தக் குழுவின் தபால்காரி. சம்பளம் கிடையாது.

இப்போது சட்னிக்கு வருகிறேன். உங்கள் வாசகர் பரிகாசம் செய்தது இதைத்தானே.

எங்கள் தெருவில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால் தெருவே "மீ லா பீ!" என்று கத்தும், விளக்கு வந்துவிட்டது என்று. நடு ராத்திரி ஒரு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் நானும் மகளும் எழுந்து கிரைண்டரைப் போடுவோம். மறுநாள் காலையில் திருச்சிக்காரன் கேட்பான், "என்ன சட்னி?" தேங்காய்ச் சட்னி என்றால் கரண்ட் இருந்தது, மிக்சி ஓடியது. தக்காளி வெங்காயத்தைக் கத்தியால் கொத்தி வதக்கினேன் என்றால் கரண்ட் இல்லை. வெறும் பொடி என்றால் கரியும் கிடைக்கவில்லை, அல்லது எனக்கு உடம்பு முடியவில்லை. தொடர்ந்து மூன்று நாள் பொடி என்று எழுதினால் சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிடும். வேறு எதையும் நான் எழுத வேண்டியதில்லை. எழுதவும் முடியாது.

2021 பிப்ரவரி 4ஆம் தேதி பேஸ்புக்கை அடைத்தார்கள், அதோடு வாட்ஸ்அப்பும் போயிற்று. அந்த மாத நடுவிலிருந்து இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது வரை இணையமே கிடையாது. மார்ச் 15ஆம் தேதி போன் டேட்டாவும் நின்றது. என் "உள்ளேன் ஐயா" போகவில்லை. சிங்கப்பூர்க்காரன் சாதாரண அழைப்பில் கூப்பிட்டான். "என்ன சட்னி?" என்றான். "பொடி" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டான். நிமிடக் கணக்கில் காசு போகிற அழைப்பு அது, அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? அவன் அதைக் குழுவில் எழுதி, மற்றவர்கள் படித்து, என் வீட்டு நிலவரம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்புறம் நாங்கள் வாட்ஸ்அப் மாதிரியே இருக்கிற வைபருக்கு மாறினோம். தமிழ்நாட்டில் யாரும் அதைத் தொடுவதில்லையாம். எங்களுக்காக மதுரைக்காரன் 68 வயதில் பேரனைக் கெஞ்சி இறக்கிக்கொண்டான்.

2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது மோரேக்காரன் முறை. அங்கேயும் இணையத்தை நிறுத்தினார்கள், மாதக்கணக்கில். அவன் வியாசர்பாடிக்குப் போன் போட்டு, "எனக்குப் பதிலா நீ உள்ளேன் ஐயா போட்டுடு" என்பான். வகுப்பில் செய்தால் பிரம்படி விழும் காரியம்.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பகல் 12.50க்கு நிலநடுக்கம். ரங்கூனில் குண்டானில் தண்ணீர் ஆடியது, அவ்வளவுதான். மாண்டலேயில் நடந்தது உங்களுக்கும் தெரியும், உங்கள் பத்திரிகையிலேயே படங்கள் வந்தன. மாண்டலேக்காரனிடமிருந்து சனி, ஞாயிறு, திங்கள் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளும் குழுவில் யாரும் சட்னி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செவ்வாய் காலை யாரோ ஒருவருடைய போனிலிருந்து பர்மிய எழுத்தில் ஒரு வரி வந்தது. வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தேன். வழக்கம்போல் தமிழில் அடித்தேன். அன்றைக்கு மட்டும் அவன் லகரத்தைத் திருத்தவில்லை. "உல்லேன் ஐயா" என்று அப்படியே போட்டேன்.

எல்லா நாளும் இப்படி இல்லை. சண்டையும் உண்டு. சென்னை பர்மா பஜார் பக்கம் விற்கிற அத்தோவைப் போல உலகத்தில் கிடையாது என்று வியாசர்பாடிக்காரி ஒருநாள் படம் போட்டாள். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், மேலே எண்ணெயில் பொரித்தது ஏதோ. எங்கள் ஊரில் "அத்தோ" என்று கேட்டால் எதன் அத்தோ என்று திருப்பிக் கேட்பார்கள். பிசைந்து சாப்பிடுகிற எல்லாவற்றுக்கும் அதே பெயர்தான். இதைச் சொன்னேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊர் மீன்சாறு நூடுல்ஸான மோஹிங்காவில் மீனே இல்லாமல் வாழைத்தண்டை மட்டும் போட்டுக் கொதிக்கவைத்தால் அது மோஹிங்காவா என்று மோல்மீன்காரன் வேறு எண்ணெய் ஊற்றினான். ஒரு வாரம் அவள் "உள்ளேன்" மட்டும் போட்டாள், "ஐயா" போடவில்லை.

உளுந்து விலையும் தினம் பேசுவோம். நான் வீசைக் கணக்கில் சொன்னால் திருச்சிக்காரன் சிரிப்பான். உங்கள் பக்கத்தில் வீசை பாட்டி காலத்தோடு போய்விட்டது. இங்கே இன்னும் அதுதான் எடை, ஏறக்குறைய 1.63 கிலோ. சிரிக்கட்டும். வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எங்கள் நாட்டிலிருந்து வாங்கிக்கொள்வதாக 2021இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. அவன் வீட்டு இட்லியில் எங்கள் ஊர் மண் இருக்கிறது.

உங்கள் வாசகர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ரோஜாப்பூ படத்தில் "இனிய காலை" என்று எழுதி அனுப்புகிறவர்களை எனக்கும் பிடிக்காது. டேட்டா தின்கிறது. அதைவிட முக்கியமாக இன்னொன்று, வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே சொந்தமும் நட்பும் வைத்திருக்கிற உங்கள் வாசகர்களுக்காக: அரசியல் செய்தி, வீடியோ, கேலிப் படம் எதையும் தயவுசெய்து எங்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் அக்கறையில்தான் அனுப்புகிறீர்கள். ஆனால் வழியில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பார்கள். போனில் இருப்பதற்கு, வைத்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். என் பேரன் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் படியில் நின்று எல்லாவற்றையும் அழிக்கிறான். எங்கள் குழுவை மட்டும் அழிப்பதில்லை. திறந்து பார்த்தால் தேங்காய், தக்காளி, உளுந்து வீசை என்ன விலை, இவ்வளவுதான் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த 1964ஆம் வருடப் படத்தில் இருக்கும் முப்பத்திரண்டு பேரில் குறிப்பாக ஒருத்தியை இன்னும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் வரிசை, வலது ஓரம். இடது கைக்காரி. அவள் அப்பா பிரேசர் தெருவை ஒட்டி, அதாவது இன்றைய அனோரதா சாலையை ஒட்டி, காளி கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் பழுது பார்த்தார். படத்தில் அவளுக்கு ரெட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும்தான் ரிப்பன் இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கும் அப்படித்தான், ஒரு பின்னலில் மட்டும். அன்று காலை ஒரு ஜோடி ரிப்பன்தான் இருந்தது, பாதி பாதியாகக் கட்டிக்கொண்டோம். 1965 மழைக்காலத்தில் அவள் கப்பலேறினாள். கடலூர்ப் பக்கம் சொந்தம் இருப்பதாகச் சொன்ன ஞாபகம்.

அவளே இதைப் படிக்கலாம். இல்லை, "அம்மாவுக்கு ரங்கூனில் ரிப்பன் பங்கு போட்ட தோழி ஒருத்தி உண்டு" என்று யாராவது பிள்ளைகள் கேட்டிருக்கலாம். அப்படி யாராவது உங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் என் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். வைபர் எண், வாட்ஸ்அப் இல்லை. அதை அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சுத் தோழி, ரங்கூன்
(பெயர் போட வேண்டாம்)