தேரடித் திடல் இரும்புக் கூரை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேரடித் திடலில் இரும்புக் கூரை போடும் வேலை நல்லபடியாக முடிந்தது. உற்சவத்துக்கு வருகிறவர்கள் இனி நிழலில் நிற்கலாம். சந்தை நாளில் வியாபாரிகளும் கடை போட்டுக்கொள்ளலாம். தேர் திரும்பும் பாதையில் ஒரு தூண்கூட வராதபடி பார்த்துத்தான் இடம் குறித்தோம்.

மண்ணுக்கு அடியில் அஸ்திவாரத்துக்கும், இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசவும் இவ்வளவு செலவா என்று பலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நம் பக்கத்துத் தகரக் கொட்டகைகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சுவரில்லாத கூரைக்கு அடியில் காற்று புகுந்து மேலே தூக்கும். புதுச்சேரிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்தக் காற்றில் கூரையைப் பிடித்து நிறுத்த அடியில் கான்கிரீட்டின் கனம் வேண்டும். குழியை அத்தனை பெரிதாகத் தோண்டியது அதற்காகத்தான். கூரை ஓரங்களில் ஸ்க்ரூவையும் நெருக்கிப் போட்டிருக்கிறோம். காற்று முதலில் பிய்ப்பது ஓரத்தைத்தான்.

அப்புறம் உப்புக்காற்று. பெயின்ட் மட்டும் அடித்த இரும்பு இங்கே சீக்கிரமே பொரிந்துவிடும். அதனால் பட்டறையிலேயே வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்த பிறகு, ஒவ்வொரு பாகத்தையும் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுக்கச் செய்தோம். 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்பில் சதுர மீட்டருக்கு 610 கிராம், ஏறத்தாழ 85 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிப்புக்கு, முலாம் ஏற வேண்டும். முலாமின் தடிப்பை அளக்கும் மைக்ரான் மீட்டரை வைத்துப் பார்த்துத்தான் சரக்கை இறக்கினோம். குழாய்களின் முனையில் தெரியும் சிறு ஓட்டைகள் பிழையல்ல. அவை இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் தொட்டியில் ஆவியாகிக் குழாயையே வெடிக்கவைக்கும். முலாமும் உட்புறம் ஏறாது.

முலாமின் மேல் சாதாரண எனாமல் அடித்தால் நாளடைவில் உரிந்துவிடும். மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்கி, பிடிப்புக்காக எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல்தான் நிறம் பூசியிருக்கிறோம். திடலில் எல்லா இணைப்பும் போல்ட்தான். தூணின் அடித்தகடு தரைமட்டத்துக்கு மேலே நிற்பதால் மழைநீர் அங்கே தேங்காது.

வேண்டுகோள் ஒன்று உண்டு. சீரியல் லைட் கட்டவோ கொடி கட்டவோ தூணில் துளை போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். வைத்த இடத்தில் முலாம் எரிந்து அங்கிருந்தே துரு பிடிக்கும். கட்டுவதற்கென்றே வளையங்கள் வைத்திருக்கிறோம், கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் நீர்த்தாரையில் அடையும் அரசிலைகளை அள்ளி, போல்ட்களை முடுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கான பொறுப்பை வரும் பொதுக்குழுவில் ஒதுக்குவோம்.

வரவு செலவுக் கணக்கும் முலாம் சோதனைச் சான்றுகளும் அலுவலகத்தில் உள்ளன. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு