இப்போதைக்கு அதிமதுரம் வேண்டாம், கயல்

அன்புள்ள கயலுக்கு,

வறட்டு இருமல் விடவில்லை, அதிமதுரப் பொடி அனுப்பு என்று கேட்டிருந்தாய். மற்றதெல்லாம் அனுப்புகிறேன், அதை மட்டும் அனுப்பப் போவதில்லை. பிரசவம் முடியட்டும்.

மருந்து மேல் எனக்குக் குறை இல்லை. தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டாலே கரகரப்பு குறையும். ஆபரேஷனுக்கு முன் அதிமதுர நீரில் தொண்டை கொப்பளித்தவர்களுக்கு, மூச்சுக்குழாயில் குழாய் போட்டதால் வரும் வலி குறைந்ததாக ஆய்வுகளும் உண்டு.

அதற்கு இனிப்பைக் கொடுக்கிற கிளைசிரைசின்தான் பிரச்சினை. கார்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் ஆட்டம் போடாமல் ஒரு நொதி அடக்கி வைத்திருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும். உடனே உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பி.பி. ஏறும், கால் வீங்கும். மிஞ்சிப்போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். அமெரிக்காவில் 54 வயதுக்காரர் ஒருவர் சில வாரம் தினமும் ஒன்றரைப் பாக்கெட் கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்று உயிரையே விட்டதை 2020இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அப்பாவும் பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். அதுவும் பொட்டாசியத்தை இறக்கும் என்பதால் அவருக்கும் கஷாயத்தில் அதிமதுரம் போடுவதில்லை.

உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நஞ்சுக்கொடியிலும் இதே நொதி இருக்கிறது. உன் கார்டிசால் அளவுக்கு மீறிக் குழந்தைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். நீ இருக்கும் ஹெல்சின்கியிலேயே 1998இல் பிறந்த பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் சேர்த்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள். அதிமதுரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது. ஆனாலும் கர்ப்பிணிகள் நிறையச் சாப்பிட வேண்டாம் என்று பின்லாந்து அரசே சொல்கிறது. அதிமதுரம் போட்டுச் செய்கிற, உனக்குப் பிடித்த லக்ரித்சி, சல்மியாக்கி மிட்டாய்களும் இதில் சேர்த்திதான். ஒன்றிரண்டு தின்றதற்குப் பயப்படாதே, இனி வாங்கி வைக்காதே. மூலிகை டீ வாங்கினாலும் அட்டையைத் திருப்பிப் படி, இனிப்புக்காக இதைச் சேர்ப்பது வழக்கம்.

இருமலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இளஞ்சூடான நீரில் தேன் கலந்து குடி. அப்படியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிடு. போன செக்கப்பில் பி.பி. எவ்வளவு இருந்தது, கால் வீக்கம் ஏதாவது உண்டா? மாப்பிள்ளையிடம் கேட்டாவது இன்றே எழுது.

அன்புடன்,
அம்மா