பயோடேட்டாவில் விட்டுப்போகும் அனுபவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கப்போகிறது என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்தால் மறுநாள் காலையிலேயே என் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பயோடேட்டா தட்டச்சு செய்து கொடுப்பதும் உண்டு. பர்கூர், வேப்பனப்பள்ளி, காவேரிப்பட்டணம் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வருகிறார்கள். நேர்முகத் தேர்வு முடிந்து திரும்புகிறவர்களைப் பிடித்து வைத்து என்னென்ன கேட்டார்கள் என்று விசாரிப்பது என் வழக்கம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் அண்ணனுடைய பயோடேட்டாவையோ நண்பனுடையதையோ செல்போனில் கொண்டுவந்து, "அக்கா, பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்கிறார்கள். உச்சியில் 'நோக்கம்' என்று நான்கு வரி ஆங்கிலம் இருக்கும். இதற்கு என்ன அர்த்தம் தம்பி என்றால் சிரிக்கிறார்கள். என்னிடம் சிரித்துச் சமாளிக்கலாம், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் முடியுமா? விளக்கத் தெரியாத வரியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னால், பக்கம் காலியாகத் தெரியுமே என்று கவலைப்படுகிறார்கள்.

அந்த இடத்தில் போடுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. அண்மையில் ராயக்கோட்டைப் பக்கமிருந்து பி.காம். முடித்த ஒரு பெண் வந்தார். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அடிக்கச் சொன்னார். வீட்டில் என்னம்மா தொழில் என்று பேச்சுக் கொடுத்தேன். தக்காளி விவசாயம். மண்டிக்கு எத்தனை கிரேட் பெட்டி போனது, என்ன விலைக்குப் போனது, கமிஷன், வண்டி வாடகை, இறக்குக் கூலி போக அப்பாவின் கைக்கு எவ்வளவு வரவேண்டும் என்று கல்லூரிக் காலம் முழுவதும் நோட்டில் எழுதிவந்தவர் இந்தப் பெண்தான். மண்டிச் சீட்டில் கணக்கு உதைத்தால் போன் போட்டுக் கேட்பதும் இவர்தானாம். கணக்குப் பிரிவு வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? இரண்டு வரியில் எழுதிச் சேர்த்தோம். நேர்முகத்தில் பாதி நேரம் தக்காளிக் கணக்கைப் பற்றியே பேச்சு ஓடியதாக வந்து சொன்னார்.

மாம்பழ சீசனில் கூழ் ஆலைகளில் பழம் தரம் பிரித்த பையன்களும் அதை மறைத்து வைக்கிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், தெரிந்த மொழிகள் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே உள்ள ஆலைக்குக் கன்னடம் தெரிந்த ஆள் கிடைத்தால் கசக்குமா என்ன?

ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்குக் கேள்விகள் நேரடியாகவே வருகின்றன. கையில் வெர்னியர் என்ற அளவுக் கருவியைக் கொடுத்து ஒரு போல்ட்டை அளக்கச் சொல்கிறார்கள். லீஸ்ட் கவுன்ட், அதாவது கருவியால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு, என்ன என்கிறார்கள். வெர்னியருக்கு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. என்று ஒப்பித்த பையனே அளக்கும்போது கை நடுங்கியதாகச் சொன்னான். கண்ணாடி முன் நின்று சுய அறிமுகத்தை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிற நேரத்தில் பாதியை, படித்த இடத்தின் ஒர்க்‌ஷாப்பில் கருவியைத் தொட்டுப் பார்க்கச் செலவிடலாம்.

அரசுத் தேர்வுக்குப் படித்துவிட்டுத் தனியாருக்குத் திரும்புகிறவர்கள் பாடுதான் எனக்குப் பெரிய கவலை. குரூப் 4 தேர்வில் நேர்முகம் கிடையாது. மத்திய அரசும் கெஜட்டட் அல்லாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் அதை நீக்கிவிட்டது. ஆகவே ஆண்டுக்கணக்காகப் படித்தும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழக்கமில்லை. "படிப்பு முடித்து இத்தனை வருடம் என்ன செய்தாய்?" என்ற முதல் கேள்வியிலேயே தலை குனிந்துவிடுகிறார்கள். குனிய வேண்டிய அவசியமே இல்லை. தேர்வுக்குப் படித்தேன், இத்தனை மதிப்பெண் எடுத்தேன், காலையில் வீட்டு மாடுகளையும் பார்த்துக்கொண்டேன் என்று உள்ளதைச் சொல்லலாம்.

கடைசியில் "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கும் கான்ட்ராக்ட்டா, கம்பெனியே நேரடியாக எடுக்கும் கம்பெனி ரோலா என்று பணிவாகக் கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், அப்புறம் கேன்டீன், பஸ் எல்லாம் பிடித்தது போகக் கைக்கு எவ்வளவு வரும் என்றும் கேட்கலாம். கேட்டதற்காக யாரையும் வெளியே அனுப்பியதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை. அசல் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்பதையும் நகல் எடுக்க வருகிற எல்லாரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் செய்தியில் நாள், இடம், கல்வித் தகுதி ஆகியவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். என்ன வேலை, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு, நேர்முகம் எந்த மொழியில், ஷிப்ட் எப்படி என்பதையும் நிறுவனங்களிடமோ வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ கேட்டு வாங்கி அதே செய்தியில் போடுங்கள். இரவு ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் உண்டா, விடுதி உண்டா என்பது தெரியாமலேயே ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறார்கள். அந்த ஒரு வரி பேப்பரில் இருந்தால் போவதா வேண்டாமா என்று முதல் நாளே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
கிருஷ்ணகிரி.