குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை 2024–25, திருப்பாதிரிப்புலியூர்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வடிகால் தூர்வாரும் வேலை பாதியில் நிற்கிறது. மாநகராட்சிக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறோம். தெருவிளக்குகள் பெரும்பாலும் எரிகின்றன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிட்டால் நல்லது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நம் சங்கம் சமைத்து அனுப்பிய சாப்பாட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அண்டாக்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள், முட்டிக்கு மேல் தண்ணீரில் பொட்டலங்களைச் சுமந்து போனவர்கள் யார் என்பதையும் பதிவு செய்ய வேண்டியது என் கடமை. பக்கத்துக் கட்டட வேலையில் தங்கியிருந்த ஒடிசா, பீகார் பையன்களும், நம் வீடுகளுக்கு பெயின்ட் அடிக்க வரும் இலங்கைத் தமிழர்கள் சிலரும்தான். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள்.

சில மாதம் கழித்து அந்த பெயின்டர்களில் ஒருவர் குடும்பத்தோடு நம் தெருவில் குடிவர வீடு தேடினார். அகதிகள் முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் வெளிப்பதிவு செய்துகொண்டு வாழும் குடும்பம். வீடு காலியாக இருந்தது, அட்வான்ஸும் பேசியாகிவிட்டது. அடையாள அட்டையைக் காட்டியதும், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்கள். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. வடமாநிலப் பையன்களுக்கும் இதே பதில்தான். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, வெளியாட்களுக்கு வீடு விடக் கூடாது என்று சங்கம் அறிவிக்க வேண்டும் எனச் சில உறுப்பினர்கள் கடிதம் கொடுத்தார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் இருக்கும் ஊர் எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பல்லவ மன்னனின் ஆணைப்படி கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாகி வந்து கரைசேர்ந்தது இந்தத் திருப்பாதிரிப்புலியூரில் என்று பெரியபுராணம் சொல்கிறது. கரையேறவிட்ட குப்பம் என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர் இருக்கிறது. அரசின் கோபத்துக்கு ஆளாகி, கடல் வழியே, கையில் ஒன்றும் இல்லாமல் வந்த மனிதர் அவர். இங்கிருந்த அடியார்கள் ஓடிவந்து ஆரவாரத்தோடு அழைத்துப் போனார்கள். பாடலீசுவரர் சன்னதியில் நின்று இறைவனைத் தாயாகவும் தந்தையாகவும் அவர் பாடினார். அந்தக் கரையேற்றத்தை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் உயிரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் கடல் தாண்டி வந்தவர்களே. அப்பரை வணங்கிவிட்டு அவர்களுக்குக் கதவைச் சாத்துவதற்குப் பக்தியில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது. பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் விசாரிக்காதே என்று அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். எந்த தேசத்தார் என்றும் விசாரிக்காதே என்று அதே இடத்தில் சேர்த்தே சொல்லியிருக்கிறார். தைப்பூசத்துக்கு வடலூர் போகும் நம் உறுப்பினர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டுகிறேன்.

நம் சங்கத்தில் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இருக்கிறார்கள். அந்நியனாக வந்த தன்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று இயேசு சொல்லும் மத்தேயு 25ஐ நான் அவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மக்காவிலிருந்து வந்தவர்களை மதீனாவின் அன்சாரிகள் சகோதரர்களாக ஏற்று, சொத்தைப் பங்கிடவும் முன்வந்த வரலாறும் அப்படித்தான்.

சட்டம் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கு இன்னும் இரங்கவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலை 1 முதல், இந்த மண்ணில் பிறந்தது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பரில் விதி மேலும் இறுகியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையை அதில் சேர்க்கவில்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றிப் புது வீடுகளும் அறிவித்தது. அது நல்ல காரியம். இங்கேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளிநாட்டவள் என்பதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. டெல்லியில் மாற வேண்டியது மாறட்டும். வாடகை வீடு நம் கையில்தான் இருக்கிறது.

கடிதம் கொடுத்தவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வாடகைதாரர் யாராக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் போடலாம், விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். இலங்கைத் தமிழர்கள் ஏற்கெனவே அரசுப் பதிவேட்டில் இருப்பவர்கள். நம்மைவிட அதிகம் விசாரிக்கப்பட்டவர்கள். வடமாநிலத்தவர் நம்மைப் போலவே இந்தியக் குடிமக்கள். 2023 மார்ச்சில் அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழ்நாட்டின் பெயர் கெடுகிறதே என்று நாமெல்லாம் கவலைப்பட்டோம். அந்தக் கவலை உண்மையானால் நம் தெருவிலும் அது தெரிய வேண்டும். இன்னொன்று: சிங்கப்பூரிலும் குவைத்திலும் யாரோ ஒருவர் நம் பிள்ளைகளுக்கு அறை கொடுத்ததால்தான் இந்தத் தெருவின் பல மாடி வீடுகள் எழுந்தன.

ஆகவே செயற்குழு இந்தத் தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது: பிறந்த நாடு, மாநிலம், மொழி, மதம் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாருக்கும் வீடு மறுப்பதில்லை, வாடகைக்குக் குடியிருப்போரும் சந்தா கட்டிச் சங்கத்தில் உறுப்பினராகலாம், புதிதாகக் குடிவரும் குடும்பத்தை முதல் வாரத்திலேயே செயற்குழு உறுப்பினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, ரேஷன், குடிநீர், பள்ளிச் சேர்க்கை பற்றிய தகவல்களைச் சொல்ல வேண்டும். வீடு தேடிய அந்தக் குடும்பம் இப்போது முதுநகர் பக்கம் இருக்கிறது. நம் தெருவில் வீடு காலியாக வைத்திருக்கும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொன்னால், நானே அவர்களை அழைத்து வருகிறேன்.

தீர்மானத்தின் மீது பேச விரும்புவோர் பேசலாம். அதன் பிறகு பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்