உன் செடியை நான் தூக்கிப் போடவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே சிங்கப்பூரில் அப்பாவும் நானும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பாம்புச் செடி விஷயம்.

டிசம்பரில் அது அழுகுகிறது என்று சொன்னதும், "தூக்கிப் போட்டுடுங்கம்மா, பத்து வெள்ளிக்குப் புதுசு வாங்கிக்கலாம்" என்றாய். வாங்கலாம்தான். ஆனால் தேசிய சேவை முடிந்து வேலைக்குப் போய், முதல் சம்பளத்தில் தாம்சன் ரோட்டு நர்சரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து நீ கொண்டுவந்த செடி அது. அதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை.

தப்பு என்னுடையது. நீ டொரோண்டோ போன பிறகு, காலையில் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் பண்டானுக்கும் ஊற்றும்போது இதற்கும் ஒரு குவளை ஊற்றினேன். உன் செடிக்குச் செய்வது உனக்கே செய்வதுபோல இருந்தது. நாலைந்து மாதத்தில் இலை சுருங்கி, நெடுகக் கோடு கோடாக மடிப்பு விழுந்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதுதான் பெரிய பிழை. மண்ணுக்குள் வேர் அழுகிவிட்டால் சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் செடியால் ஒரு சொட்டுகூட உறிஞ்ச முடியாது. மேலே காய்ந்து சுருங்கும், அடியிலே ஊறி அழுகும். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

கொசுச் சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர்தான் கண்டுபிடித்தார். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கும் என்று நான் எல்லாத் தட்டையும் எப்போதோ எடுத்துவிட்டேன். அவர் உன் செடியின் பிளாஸ்டிக் தொட்டியை வெளியே இருக்கும் பீங்கான் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தார். அடியில் மூன்று விரற்கடை தண்ணீர், கருத்துப்போய், சாக்கடை நாற்றம். நல்லவேளை, புழு இல்லை. அந்தப் பீங்கான் தொட்டிக்கு ஓட்டையே கிடையாது, தம்பி. நீ அழகுக்குத்தானே வாங்கினாய், உன்மேல் குறை சொல்லவில்லை. ஆனால் ஓட்டை இல்லாத தொட்டியில் எந்தச் செடியையும் இனி வைக்காதே, அங்கேயும்.

அன்று மத்தியானமே ஓர் இலையைத் தொட்டேன். அடிப்பக்கம் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்தான், கையைப் பிடித்துக் கீழே சமூகத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மலாயில் இதை 'லிடா மெர்த்துவா' என்பார்களாம், மாமியார் நாக்கு. அங்கே தோட்டம் பார்க்கும் அண்ணன் ஒருவர் சொன்ன விவரம் கேட்டு ஆச்சரியமாக இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பாறையும் வறட்சியுமான மண்ணுக்குப் பழகிய செடி இது. பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இருட்டிக் குளிர்ந்த பிறகுதான் திறந்து மூச்சு வாங்குமாம், நீர் வீணாகாமல் இருக்க. குடிக்கிற தண்ணீரை இலையிலும் கிழங்கிலும் சேர்த்துவைக்கும். நம் அப்பாயி ஊரில் வேலியோரம் வளரும் என்று சொல்வார்களே மருள், நாரெடுத்து வில்லுக்கு நாண் திரிப்பார்கள் என்று, அதற்கு இது பங்காளி முறை. அப்படிப்பட்டதை ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் சிங்கப்பூரில், அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தினம் ஒரு குவளை வேறு ஊற்றி நனைத்திருக்கிறேன்.

பழைய தமிழ் முரசு நாளிதழைக் கூடத்தில் விரித்துச் செடியைக் கவிழ்த்தேன். மண்ணை உதறி, வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். பழுப்பாக, இழுத்தால் தோல் உரிந்து வருவதெல்லாம் செத்த வேர். வெளுப்பாக அல்லது ஆரஞ்சு நிறத்தில், விரலுக்கு விறைப்பாக இருப்பது உயிர். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து வெட்டினேன். கிழங்கில் கருப்பு தெரியாமல் சுத்தமான சதை வரும்வரை வெட்டச் சொல்லியிருந்தார் அண்ணன். வெட்டிக்கொண்டே போனேன். ஒன்பது இலை இருந்த செடியில் கடைசியில் மிஞ்சியது கட்டைவிரல் அளவு கிழங்கும் அதில் நின்ற இரண்டு இலையும்தான்.

அதை உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். நம் ஊர்க் காற்றில் அது லேசில் காயாது. வெயில் படாமல் மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள் வைத்தேன். அப்பா ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார், உன்னிடம் சொல்ல மாட்டார்.

மண்: கடையில் விற்கும் தொட்டி மண் பாதி, பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல்லும் பருமணலும் பாதி. தொட்டி: தேக்கா கடைத்தெருவில் வாங்கிய சின்ன மண்தொட்டி, ஓட்டையோடு. பெரிய தொட்டி வேண்டாம், வேர் எட்டாத இடத்து ஈரம் தங்கிக்கொண்டே இருக்கும். நட்டு ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். இப்போது சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பார்க்கிறேன். குச்சியில் மண் ஒட்டி ஈரமாக வந்தால் ஊற்றுவதில்லை. மூன்று வாரம்கூட ஆகிறது. காலையில் குவளையோடு அதன் முன்னால் நின்று ஊற்றாமல் திரும்புவது எனக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது.

அழுகாத இலைகளை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி அவற்றையும் நட்டேன். அடி எது நுனி எது என்று பேனாவால் குறி போட்டேன், தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. ஐந்தில் மூன்று வேர் விட்டிருக்கின்றன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்த இலையோர மஞ்சள் கரை இவற்றின் குட்டிகளில் வராதாம். இலைத் துண்டிலிருந்து வருவதெல்லாம் வெறும் பச்சையாகத்தான் இருக்கும். கிழங்கிலிருந்து முளைப்பதுதான் தாயைப்போல மஞ்சள் கரையோடு வரும். அதனால் அந்தக் கட்டைவிரல் கிழங்கைத்தான் நாலு மாதமாகக் கண்ணில் வைத்துக் காத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அதன் பக்கத்தில் மண் விரிந்திருந்தது. முந்தாநாள் ஈட்டி முனைபோல ஒன்று வெளியே வந்தது. இன்று காலை அப்பாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஓரத்தில் நூலளவு மஞ்சள் இருக்கிறது, தம்பி.

பீங்கான் தொட்டி சமையலறையில் இருக்கிறது. சின்ன வெங்காயம் போட்டுவைத்திருக்கிறேன். ஜூனில் நீ வரும்போது குச்சி காய்ந்திருந்தால் நீயே தண்ணீர் ஊற்று.

அன்புடன்,
அம்மா