அந்த 12-ஐ நம்பி எஞ்சினைத் திறக்காதே

திண்டுக்கல்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. குளிரில் தங்கச்சிக்கு மூட்டு வலி கூடிவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். வெந்நீர் ஒத்தடத்தை விடாமல் கொடுக்கச் சொல் என்று உன் மதினி சொல்லச் சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கடையில் புதிதாக ஒரு பையனைச் சேர்த்திருக்கிறேன், வேலையில் ஆசை உள்ளவன்.

உன் கடையில் நிற்கும் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். டைமிங் செயினை மூடியிருக்கும் கவரை இன்னும் கழற்றவில்லை என்றால் தயவுசெய்து கழற்றாதே. ஸ்கேனரில் பி0016 என்ற எரர் கோடு வருகிறது, எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தைக் காட்டும் வாக்வம் கேஜில் 12 இஞ்ச், சிலிண்டருக்குள் காற்று நெரியும் அழுத்தமான கம்ப்ரெஷன் மூன்று சிலிண்டரிலும் 130-ஐ ஒட்டி நிற்கிறது, அதனால் பிஸ்டனோடு சுற்றும் கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் இணைக்கும் செயின் பல் தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். இங்கே என் கடையில் அதே அளவுகள் வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ இப்போது இருப்பது ஊட்டியில் மாப்ளே, 7,300 அடிக்கு மேலே.

ஆறு மாதம் முன்புவரை கோயமுத்தூரில் 17, 18 பார்த்துப் பழகிய கண் உனக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் வாக்வம் குறையும். கோயமுத்தூரில் 18 காட்டும் நல்ல எஞ்சின் உன் ஊரில் 12 காட்டினால் அது நோய் இல்லை. கம்ப்ரெஷனும் அப்படித்தான். சிலிண்டருக்குள் போகும் காற்றே அங்கே மெலிசு. கீழே 170 காட்டுவது உன் ஊரில் 135 பக்கம்தான் வரும். உன் 130 அதற்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பார். அதே மாடலில் நன்றாக ஓடுகிற வண்டி ஒன்றைப் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் பிடித்து, அரை மணி நேரம் இரண்டு கேஜையும் வைத்துப் பார். உனக்கு வேண்டிய அளவுகோல் அதுதான்.

எரர் கோடு வருவது நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் பி0016 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிராங்க் சிக்னலும் கேம் சிக்னலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டில் எது தவறு, ஏன் தவறு என்று அது சொல்வதில்லை. போன மாதம் எனக்கு வந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

சிறுமலையில் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வருகிற ஒரு டீச்சரம்மாவின் வண்டி. மூன்று சிலிண்டர் பெட்ரோல், ரெண்டு கேம், செயின் எஞ்சின், லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. அந்த 18 கொண்டை ஊசி வளைவிலும் ரெண்டாவது கியரில் இழுவை இல்லை, ஆனால் சமவெளியில் வேகம் பிடித்துவிட்டால் பரவாயில்லை என்றார். அந்த ஒரு வரியிலேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. கேம் பின்தங்கினால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். குறைந்த சுற்றில், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை ஏறுகிற பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். அதிகச் சுற்றில் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. அதற்குள் வேறொரு இடத்தில் கேம் சென்சாரை ரெண்டு தடவை, கிராங்க் சென்சாரை ஒரு தடவை மாற்றியிருந்தார்கள். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர். பில்களைப் பையிலிருந்து எடுத்து நீட்டியபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

ராத்திரி முழுக்க வண்டியைக் கடையிலேயே நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேட்டேன். மூன்று, நாலு வினாடி கடகடவென்று ஒரு சத்தம், ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கிவிட்டது. ஆயில் குச்சியை இழுத்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே, தார் மாதிரி. வாக்வம் 14, முள் துடிக்காமல் அப்படியே நின்றது. ஒரு வால்வு கெட்டிருந்தால் முள் விட்டுவிட்டு ஆடும். ஆடாமல் தாழ்ந்து நின்றால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான கோளாறு. கம்ப்ரெஷன் 120, 118, 122. ஸ்பார்க் பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தேன், பெரிதாக ஏறவில்லை. ஆக ரிங் இல்லை.

அப்புறம்தான் சென்சார் சிக்னலைப் படமாகக் காட்டும் ஸ்கோப்பை மாட்டினேன். கிராங்க் சென்சார் படிக்கும் வீலில் 60 பல்லுக்கு இடம், 2 பல் இல்லாமல் ஒரு இடைவெளி; ஒரு பல்லுக்கு 6 டிகிரி. இடைவெளியிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், அதே மாடல் நல்ல வண்டியில் நான் பதிந்து வைத்திருந்த படத்தில் கேம் சிக்னல் 11-ஆம் பல்லில் விழுகிறது. டீச்சரம்மா வண்டியில் 14-ஆம் பல்லில். மூன்று பல் தள்ளி, அதாவது 18 டிகிரி. செயின் ஓடும் பல் சக்கரம் வேறு: கிராங்க் ஸ்பிராக்கெட்டில் 20 பல், கேமில் 40. கிராங்க் ஸ்பிராக்கெட்டில் செயின் ஒரு பல் தாண்டினால் 360-ல் 20-இல் ஒரு பங்கு, அதே 18 டிகிரி! பையனை அழைத்து, இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் காட்டினேன். கவரைத் திறக்கும் முன்பே எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது, செல்வம்.

திறந்ததும் ரெண்டு கேமும் சேர்ந்தே ஒரு பல் பின்னால். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் குச்சி கடைசிவரை வெளியே வந்துவிட்டது, பிளாஸ்டிக் கைடில் செயின் கோடு கிழித்திருந்தது. பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டேன். பழசு ஒரு நகக்கண் அளவு கீழே இறங்கி நின்றது. செயின், டென்ஷனர், கைடு, ஸ்பிராக்கெட் எல்லாவற்றையும் மாற்றி, கையால் ரெண்டு சுற்றுச் சுற்றி மார்க்கைச் சரிபார்த்தோம். பையன் பயந்துவிட்டான்: "அண்ணே, கலர் லிங்க் மார்க்குக்கு வரலையே!" ஸ்பிராக்கெட் மார்க்குகள் வந்தால் போதும், செயினில் கலர் பூசிய அந்த லிங்க், மாட்டும்போது இடம் பார்க்க மட்டும்தான், திரும்ப அந்த இடத்துக்கு வர எத்தனையோ சுற்று ஆகும் என்று சொன்னேன். ஸ்டார்ட் பண்ணியதும் வாக்வம் 19.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், டீச்சரம்மா வண்டியில் எஞ்சினின் மூச்சும் (வாக்வமும் கம்ப்ரெஷனும்) சிக்னலும் ஒரே கதையைச் சொன்னது. உன் வண்டியில் மூச்சு நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் செயின் பல் தாண்டவில்லை, சிக்னல்தான் நகர்ந்திருக்கிறது. கிராங்க் சென்சார் படிக்கும் வீல் எங்கே இருக்கிறது, புல்லியிலா ஃபிளைவீல் பக்கமா என்று நீ எழுதவில்லை. புல்லியில் என்றால் முதலில் அதைப் பார். வெளி வளையத்துக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் விட்டுப்போனால் வளையம் மெல்லச் சுழன்றுவிடும். சிக்னல் தள்ளும், ஸ்பார்க்கும் அதோடு தப்பான இடத்தில் விழும், இழுவையும் குறையும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டு, கையால் சுற்றி பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடி. புல்லி மார்க் அங்கே பொருந்தாவிட்டால் கள்ளன் அகப்பட்டுவிட்டான்.

பொருந்தினால், ஆயில் அழுத்தத்தால் கேமின் கோணத்தை மாற்றும் ஆயில் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி அதன் சல்லடையில் கசடு இருக்கிறதா பார். ஸ்கேனரிலிருந்தே அந்த வால்வை இயக்கிப் பார்க்கவும் முடியும்: ஐடிலில் கேம் முன்னே போகும்போது எஞ்சின் தடுமாற வேண்டும், விட்டதும் கோணம் பழைய இடத்துக்கே வர வேண்டும். திரும்பி வராமல் மாட்டிக்கொண்டால் கோளாறு ஆயில் பக்கம்.

மணி அண்ணன் பட்டறையில் மாருதி 800-இல் நாம் கற்றது நினைவிருக்கிறதா? பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்தான். அதனால் பெல்ட் ஒரு பல் தப்பினால் ஸ்பார்க்கும் கூடவே பின்தங்கும். யாரோ டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் திருப்பி ஸ்பார்க்கைச் சரிக்கட்டி அனுப்பிய வண்டியை, நீதான் வாக்வம் கேஜை வைத்துக் கண்டுபிடித்தாய். அப்போது உனக்கு 19 வயசு. அண்ணன் அன்றைக்கு உன் தோளில் தட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

டாக்ஸி ஸ்டாண்டில் பிடிக்கும் அந்த நல்ல வண்டியின் அளவுகளையும், ஸ்கோப் படம் எடுக்க முடிந்தால் அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பல்லை எண்ணி ராத்திரிக்குள் பதில் சொல்கிறேன். ரம்ஜானுக்குத் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு இறங்கி வா. இந்தச் சூடு அவள் மூட்டுக்கு நல்லது.

அன்புடன்,
காதர்