ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: டொமினிக்கா தீவும் கலினாகோ மக்களும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் 'எரிமலைத் தீவு' என்ற தலைப்பில் உங்கள் பிள்ளைகள் வரைந்த படங்கள் என் மேசைக்கு வந்தன. ஒரு படத்தில் புகை கக்கும் மலை. அதன் அடியில் எலும்பு மாலை போட்ட மனிதர்கள், பக்கத்தில் பெரிய அண்டா, அண்டாவுக்குள் ஒரு ஆள். "இவங்க யாரு?" என்று கேட்டேன். "அந்தத் தீவு ஆளுங்க டீச்சர், மனுசங்களைச் சாப்பிடுவாங்க" என்று வெகு இயல்பாகப் பதில் வந்தது.

பிள்ளையைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கார்ட்டூனில் பார்த்ததை வரைந்திருக்கிறது. நானும் பல வருடங்கள் 'கொலம்பஸ் கண்டுபிடித்தார்' என்ற ஒரே வரியில் அந்தப் பாடத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள்தான். இந்த முறை அப்படிப் போக மனம் வரவில்லை. அதனால் இந்த மாதம் முழுவதும் ஏழாம் வகுப்பு, கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா என்ற ஒரே தீவைப் படிக்கப் போகிறது. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. வீட்டில் இணையத்தில் தேடும்போது குழப்பம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

1493 நவம்பர் 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கொலம்பஸின் கப்பல்கள் அந்தத் தீவைக் கண்டதால் ஞாயிறைக் குறிக்கும் லத்தீன் சொல்லையே தீவுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அதற்கு வெகு முன்பே அங்கு குடியிருந்த கலினாகோ மக்கள் அதை 'வைதுகுபுலி' என்று அழைத்தார்கள். 'அவள் உடல் நெடியது' என்று பொருள். படகில் வருகிறவன் கண்ணுக்கு அந்தத் தீவு அப்படித்தான் தெரியும். மொத்தப் பரப்பு சுமார் 750 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் அதன் மிக உயர்ந்த மலை 1,447 மீட்டர். கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிறாள். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

அந்த மலைகள் எல்லாம் எரிமலை உண்டாக்கியவை. தீவின் தெற்கே காட்டுக்குள் ஒரு ஏரி கொதித்துக்கொண்டிருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கொதிக்கிறது. சுமார் 60 மீட்டர் அகலமுள்ள குழி. கீழே பூமிக்குள் இருக்கும் சூட்டிலிருந்து ஆவி பீறிட்டு வரும் வாயின் மேல் மழைநீரும் ஓடைநீரும் வந்து நிறைகின்றன. உலைப்பானையில் தண்ணீர் தளதளப்பதுபோல நடுவில் சாம்பல் கலந்த நீலநீர் குமுறும். பெரும்பாலான நேரம் ஆவி மூடி எதுவும் தெரியாது. அந்தக் காட்டையும் மலையையும் 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, அந்த அண்டாவுக்கு வருகிறேன். கலினாகோக்களை ஐரோப்பியர் 'கரீப்' என்றார்கள். அதே பெயரின் இன்னொரு திரிபிலிருந்துதான் மனிதரைத் தின்பவனைக் குறிக்கும் 'கேனிபல்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. அக்கம்பக்கத்துத் தீவுக்காரர்கள் தங்கள் எதிரிகளைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுக் கொலம்பஸ் எழுதிவைத்த கதை அது. 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா, மனிதரைத் தின்பவர்களை மட்டும் அடிமையாகப் பிடித்து விற்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். யாரைப் பிடிக்க வேண்டுமோ அவர்களை 'தின்பவர்கள்' என்று சொன்னால் போதும். நம் பிள்ளை வரைந்த அண்டா அங்கிருந்து வருகிறது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினோம். சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

மலையும் காடும் கலினாகோக்களைக் காப்பாற்றின. 1660இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், டொமினிக்காவையும் செயின்ட் வின்சென்ட் என்ற இன்னொரு தீவையும் அவர்களுக்கே விட்டுவிடுவதாக ஒப்பந்தம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. 1763இல் டொமினிக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனபோது கலினாகோக்களுக்கென்று மிஞ்சியது 232 ஏக்கர். 1903இல் அதை ஏறத்தாழ 3,700 ஏக்கராக்கினார்கள். கிழக்குக் கரையில், அட்லாண்டிக் அலை மோதும் பக்கம், படகு கட்டவும் வசதியில்லாத செங்குத்தான நிலம். 1930இல் கடத்தல் மதுவையும் புகையிலையையும் தேடிப் போலீஸ் அங்கே நுழைந்தது. சண்டையில் இரண்டு கலினாகோக்கள் சுடப்பட்டு இறந்தார்கள். போர்க்கப்பல் வரவழைக்கப்பட்டது. தலைவரின் பதவி பறிக்கப்பட்டது. மறுபடி அவர்களுக்குத் தலைவர் என்று ஒருவரை அரசு ஏற்றுக்கொண்டது 1952இல்.

இன்றைக்கு அங்கே சுமார் மூவாயிரம் பேர் வாழ்கிறார்கள். நிலம் எல்லோருக்கும் பொது. வீடு கட்டிக்கொள்ளலாம், பயிர் செய்யலாம். பத்திரம் போட்டு வெளியாளுக்கு விற்க முடியாது. 2015இல் சட்டத்திலேயே 'கரீப்' என்ற பெயரை எடுத்துவிட்டுக் 'கலினாகோ' என்று மாற்றவைத்தார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவின் கூரைகளை எல்லாம் பிய்த்துப் போட்டது, அதிலிருந்தும் எழுந்தார்கள். 2023இல் அந்த இனத்தைச் சேர்ந்த சில்வானி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவரானார். கலினாகோக்களில் முதலாமவர், பெண்களிலும் முதலாமவர். பாடத்தில் அவருடைய படத்தைத்தான் முதலில் காட்டப்போகிறோம்.

மொழியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தத் தீவில் அதைப் பேசும் வாய்கள் நின்றுபோயின. அதன் கிளையான கரிஃபுனா மட்டும் பெலிஸ், ஹோண்டுராஸ் பக்கம் பிழைத்திருக்கிறது. இதைச் சொல்லும் நாளில் தமிழாசிரியரும் வகுப்பில் இருப்பார்.

கைவேலை மட்டும் விடாமல் வந்திருக்கிறது. லரூமா என்றொரு நாணலைக் கீறி, சில பட்டைகளைச் சேற்றில் புதைத்துக் கறுப்பாக்கி, சிலவற்றை வெயிலில் செம்பழுப்பாக்கிக் கூடை முடைகிறார்கள். கூடைக்கு இரண்டு சுவர். உள்கூடைக்கும் வெளிக்கூடைக்கும் நடுவில் அகலமான இலையை வைத்துத் தைத்துவிடுவார்கள். மழையில் நனைந்தாலும் உள்ளே இருக்கிற துணி நனையாது. நம் வீட்டு மூங்கில் கூடையில் இந்த யுக்தியை நான் பார்த்ததில்லை.

அதே கையால் பாம்புபோல நீண்ட ஒரு குழலும் முடைகிறார்கள். அது மரவள்ளிக்கிழங்குக்கு. கசப்பு மரவள்ளியில் சயனைடு உண்டாகும், அப்படியே தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். கிழங்கைத் துருவி அந்தக் குழலில் திணித்து, மேல்நுனியை உத்தரத்தில் தொங்கவிட்டுக் கீழே பாரம் கட்டி இழுப்பார்கள். குழல் நீள நீள ஒடுங்கும், நஞ்சுச் சாறு சொட்டி இறங்கிவிடும். மிஞ்சும் மாவைச் சூடான தட்டில் போட்டு ரொட்டி. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்தது அமெரிக்கப் பழங்குடி மக்கள். நம் பக்கம் அந்தக் கிழங்கு போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதை ஊரெல்லாம் பயிரிட வைத்தார். நாம் பாயசத்தில் போடும் சேலத்து ஜவ்வரிசி அந்தக் கிழங்கிலிருந்து வருவதுதான்.

உங்களில் ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, "பரீட்சைக்கு வராத தீவுக்கு ஒரு மாசமா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நிலவியலில் எரிமலை, அறிவியலில் சயனைடு, வரலாற்றில் காலனி ஆட்சி என்று பாடத்திட்டத்தின் பகுதிகள்தான் இதில் வருகின்றன, மதிப்பெண்ணுக்குக் குறை வராது. ஆனால் நான் இதை எடுத்தது அந்தப் படத்துக்காக என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு உதவி வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையிடமும் அரைக் கிலோ மரவள்ளிக்கிழங்கு கொடுத்தனுப்புங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கிழங்கே போதும். துருவிப் பிழிவதைப் பிள்ளைகள் செய்வார்கள், அடுப்பு வேலை ஆசிரியர்கள் பொறுப்பு. பச்சையாக யாரும் வாயில் போடக் கூடாது என்று வீட்டிலும் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். அப்புறம், உங்கள் வீட்டில் கூடையோ பாயோ முடையத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அன்றைக்கு அழைத்து வாருங்கள். இரட்டைச் சுவர்க் கூடையின் படத்தை அவர்களிடம் காட்டி, எப்படி ஆரம்பிப்பது என்று கேட்க வேண்டும். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்